மெர்வோட கட்டைவிரலுக்கு ஒரு போன்

இல்லீங்க தம்பி, இது ஆகாது. பட்டனெல்லாம் பாக்க நல்லாத்தான் இருக்கு, வரிசையா, பளபளன்னு. ஆனா அமுக்கினா ஒண்ணுமே தெரியலையே. டிக்குன்னு ஒண்ணு வரணும். காதுக்கு வரலைன்னாலும் பரவால்ல, விரலுக்கு வரணும். அமுங்கிச்சா இல்லையான்னு விரலுக்குத் தெரியலைன்னா அப்புறம் எதுக்கு பட்டன்? கண்ணாடி போனே வாங்கிட்டுப் போகலாமே.

கோவிச்சுக்காதீங்க. காபி ஆறுது பாருங்க, குடிங்க. அந்த டோனட் உங்களுக்குத்தான் வாங்கினேன். எனக்கு வேண்டாம், சர்க்கரைக் கையோட பட்டனைத் தொடக் கூடாது. எத்தனை கொண்டு வந்திருக்கீங்க? நாலா! பழைய பட்டன் போன் விக்கறேன்னு விளம்பரத்துல ரெண்டு படம்தானே போட்டிருந்தீங்க. ஓ, சேத்து வெக்கற ஆளா நீங்க. வீட்டுல இன்னும் எத்தனை இருக்கு? வேண்டாம், சொல்லாதீங்க. உங்க வீட்டம்மாவை நெனச்சாப் பாவமா இருக்கு.

அந்தக் கறுப்பு போனா? அதைக் கடைசியில பாக்கலாம். ஆமா, படத்துலயே பாத்தேன். பைக்குள்ளேயே இருக்கட்டும். அடுத்ததை எடுங்க.

கையுறையா? குளிருதுன்னு போடலை, போட்டுக்கிட்டு அடிக்க முடியுதான்னு பாக்கத்தான். போன் எனக்கில்ல, எங்க வீட்டு மனுஷனுக்கு. மெர்வ்னு பேரு. அவரு குளிர்காலத்துல பாதி நாள் உறைஞ்ச ஏரி மேல மீன் பிடிச்சுக்கிட்டுத்தான் கெடப்பாரு. சிம்கோ ஏரிக் காத்து எப்படின்னு ஒரில்லியாக்காரருக்கு நான் சொல்லணுமா? கண்ணாடி போனைக் கையுறையோட தொட்டா அது கண்டுக்கவே மாட்டேங்குது. கழட்டிட்டுத் தொட்டா விரல் வெறைச்சுப் போகுது. அவருக்கு விரல் ஏற்கெனவே பாதி செத்ததுதான். முப்பது வருஷம் கரண்டு கம்பி ஓரத்துல மரம் வெட்டற வேலை. அந்த அறுக்கற மெஷினைப் புடிச்சுப் புடிச்சு, அது கையில அதிர்ந்து அதிர்ந்து, இப்பக் கொஞ்சம் குளிர் பட்டாலே விரல் வெளுத்துப் போயிடும். ஊசியால குத்தினாலும் தெரியாது. கட்டைவிரல் ரெண்டு மட்டும்தான் மிச்சம். அந்த ரெண்டும் கல்லு மாதிரி இருக்கும், ஆனா பட்டன் அமுங்கறது தெரியும்.

பேச வேண்டியதுதானேவா? அதான் முடியாது தம்பி. போன வருஷம் தொண்டையில கட்டி வந்து, குரல்பெட்டியையே எடுத்துட்டாங்க. கழுத்துல ஒரு ஓட்டை இருக்கு, அது வழியாத்தான் மூச்சு. ஐயோ, நீங்க ஏன் மூஞ்சியை அப்படி வெச்சுக்கறீங்க, டோனட்டைச் சாப்பிடுங்க. எதுக்குச் சொல்றேன்னா, நீங்க போன் விக்க வந்திருக்கீங்க, நான் ஒரு மனுஷனுக்கு வாய் வாங்க வந்திருக்கேன். அதனாலதான் இத்தனை நொட்டை சொல்றேன்.

அவரோட பழைய போன் என்னாச்சா? அதுதான் ஏரியில போயிடுச்சே. சொல்றேன் இருங்க, இதை முதல்ல பாக்கறேன். எப்படித் திறக்கறது? ஓ, பக்கவாட்டுல தள்ளணுமா. அட, உள்ளேருந்து கீபோர்டு வருது. பெருசு பெருசா இருக்கே பட்டன். அழகாத்தான் இருக்கு. இருங்க, அடிச்சுப் பாக்கறேன். நீங்க அந்தப் பக்கம் பாருங்க. பாருங்கன்னா பாருங்க. ஒண்ணுமில்ல, சும்மா ஒரு வரி. எல்லாப் போன்லயும் ஒரே வரியைத்தான் அடிச்சுப் பாக்கறேன். ஒண்ணுல ஒண்ணு, இன்னொண்ணுல வேற ஒண்ணுன்னு அடிச்சா எது நல்லதுன்னு எப்படித் தெரியும்?

ம். அடிக்க வருது. ஆனா ரெண்டு கையும் வேணுமே இதுக்கு. மெர்வுக்கு ஒரு கையில தூண்டில் இருக்கும். அதை வெச்சுட்டு, இதைத் தள்ளித் திறந்து, குறுக்கால புடிச்சு, அப்புறம் அடிச்சு... அதுக்குள்ள மீன் இரையைத் தின்னுட்டு மறுகரைக்கே போயிடும். இந்தத் தள்ளற இடத்துல ஈரம் புகுந்து உறைஞ்சா அப்புறம் திறக்கவே திறக்காது. ஆகாது. நான் அடிச்சதை அழிக்கணுமா? நீங்களே பாத்துக்குவீங்களா? ஒரே அமுக்குல எல்லாத்தையும் துடைச்சுட்டுத்தான் விப்பீங்களா? நல்ல பழக்கம்தான்.

என் கதை இருக்கட்டும், அவரு கதை சொல்றேன் கேளுங்க. குரல் இருந்த காலத்துல மனுஷன் வாயே திறக்க மாட்டாரு. ஆமா, இல்ல, பாத்துக்கலாம். இந்த மூணை வெச்சே குடும்பம் நடத்தினாரு. எனக்கு என்ன கவலை, நான்தான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுவேனே. ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும், வேலை காலத்துல கம்பெனியில குடுத்த கீபோர்டு போன் ஒண்ணு மேஜை டிராயர்ல கெடந்துச்சு, அதைத் தேடி எடுத்தாரு. சிம்மெல்லாம் கெடையாது. அடிக்கறது, என் மூஞ்சிக்கு நேரா நீட்டறது. அவ்வளவுதான். முதல் முதலா என்ன அடிச்சாருன்னு நெனக்கறீங்க? உசுரு பொழச்சு வந்திருக்காரு, பொண்டாட்டிகிட்ட ஏதோ சொல்லப் போறாருன்னு நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் படிக்கறேன். சூப்புல உப்பில்லைன்னு அடிச்சிருக்காரு. கூடவே, எப்பவுமே இருந்ததில்லைன்னு ஒரு வரி.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சேன், சட்டியைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் சிரிச்சேன். அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். நாள் பூரா டிக் டிக் டிக். என் கூடப்பொறந்த தம்பி கல்யாணத்துல நான் போட்டிருந்த கவுனு நல்லா இருந்துச்சுங்கறாரு. எந்தக் காலத்துக் கல்யாணம்! அப்பவே சொல்லித் தொலைக்கக் கூடாதா? ஏரியில பக்கத்துக் குடிசைக்காரன் டக், சீட்டாட்டத்துல திருட்டுத்தனம் பண்றான்னு அடிப்பாரு. எங்க அம்மா தன்னை ஒரு நாளும் மதிச்சதில்லைன்னு அடிப்பாரு. அது உண்மைதான். நான் அடுப்படியில நிக்கறப்ப சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன். மெதுவா வந்தா ஏதோ யோசனை. படபடன்னு வந்தா எனக்கு வசவு. முப்பத்தெட்டு வருஷம் அந்த மனுஷனோட இருந்துட்டு, போன ஒரு வருஷத்துலதான் தம்பி அவரை எனக்குத் தெரிஞ்சுச்சு.

இப்ப வீடு கப்சிப்னு இருக்கு.

காகிதம், பேனா எல்லாம் ஆகாதுங்க. பேனா விரல்ல நிக்காது. முட்டி வெச்சு அழுத்தி எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கும். கால்கரியில இருக்கற பையன், டெரில், பெரிய கண்ணாடிப் பலகை ஒண்ணு அனுப்பிச்சான். தொட்டா அதுவே பேசுமாம். இவரு ஒரு எழுத்தைத் தொட்டா மூணு எழுத்து விழுது. டீ வேணும்னு அடிக்கப் போயி, அது ஏதோ பொம்பளைக் குரல்ல கன்னாபின்னான்னு கத்துச்சு. இவரு அதைச் சோபாவுக்கு அடியில தள்ளிட்டாரு. இன்னும் அங்கதான் கெடக்கு, கூட்டறப்பல்லாம் துடைப்பத்துல இடிக்கும்.

சரி, மூணாவது எடுங்க. இது புதுசா? ஓ, இப்ப யாரோ சின்னக் கம்பெனி இந்த மாதிரி கொண்டு வர்றாங்களா. மேல கண்ணாடி, கீழ பட்டன். ம்... இது நல்லா அமுங்குது. அட, கையுறையோடயே வருதே. பட்டன் நடுவுல சின்னதா மேடு வெச்சிருக்கான், அறிவுள்ளவன். இருங்க, கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை. திரும்பிக்குங்க.

ரெண்டு எழுத்து தப்பு. அது என்னது, நான் அடிக்கறதுக்கு முன்னாடியே அதுவா ஒரு வார்த்தையைப் போடுது? நிறுத்திடலாமா? நிறுத்தினாலும்... எழுத்து ரொம்பச் சின்னதா இருக்குங்க. பெருசாக்கலாம்னு தெரியும். பெருசாக்கினா ஒரு வரி ரெண்டு வரியா உடையும். இல்ல தம்பி, இதுவும் சரிப்படாது.

நொட்டை சொல்லிட்டே இருக்கேன்னுதானே பாக்கறீங்க? நீங்க முதல் ஆளு இல்ல. பேரி ஊருக்குப் போயி ஒருத்தரைப் பாத்தேன், அவரு போன்ல ஸ்பேஸ் பட்டன் ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்துச்சு. லிண்ட்ஸே வரைக்கும் வண்டி ஓட்டிட்டுப் போயி ஒரு அம்மாவைப் பாத்தேன், அது நல்ல போன்தான். வெள்ளைக் கலரா இருந்துச்சு. மெர்வுக்கு வெள்ளை புடிக்காதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். புடிக்குமா புடிக்காதான்னு எனக்கென்ன தெரியும், அவரு என்னிக்கும் சொன்னதில்ல. அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்து, வெலையைக் கொறைச்சுக்கறேன்னு கெஞ்சுச்சு. நான் திரும்பிப் பாக்காம வண்டியில ஏறிட்டேன்.

ஏரியில எப்படி விழுந்துச்சுன்னுதானே கேட்டீங்க. நீங்க மீன் பிடிப்பீங்களா? மாட்டீங்களா! ஒரில்லியாவுல பொறந்துட்டு மீன் பிடிக்காத ஆளா! சரி, ஐஸ் மேல குடிசை போடறது தெரியுமில்ல. உள்ள தரை ஐஸ்ல மீன் பிடிக்க ஓட்டை போட்டுட்டு அது பக்கத்துல வாளியைக் கவுத்துப் போட்டு உக்காருவோம். அந்த ஓட்டையில விழாத சாமானே கெடையாதுங்க. எங்க வரிசையில ஒவ்வொரு குடிசைக்கும் ஒரு கதை இருக்கு. ஒருத்தன் டிரக் சாவியை விட்டுட்டு ஏரியில இருந்து நடந்தே வீட்டுக்குப் போனான். டக் ஒரு தடவை தும்மினான், பல்செட்டு போச்சு. புதுசு பண்ற வரைக்கும் கஞ்சிதான். அதனால போன் விழுந்துடுச்சுன்னா யாரும் எப்படின்னே கேக்க மாட்டாங்க. அடடான்னுட்டு தேட வந்துடுவாங்க. அதுதான் எங்க வரிசை வழக்கம்.

எங்க விஷயத்துலயும் வந்தாங்க. டக் தண்ணிக்குள்ள மீன் பாக்கற கேமராவைக் கொண்டு வந்து இறக்கினான். நாலு பேரு குடிசைக்குள்ள நெருக்கிக்கிட்டு அந்தச் சின்னத் திரையைப் பாக்கறாங்க. சேறு. சேறு மேல ஒரு பெர்ச் மீன், அது பாட்டுக்கு வாயைத் திறந்து மூடிக்கிட்டு. எனக்கு அன்னிக்கு நெஞ்சு அடிச்ச அடி இருக்கே. எதுக்கு அடிச்சுச்சுன்னு... இருங்க, என் போன் அடிக்குது. வீட்டு நம்பர். ஒரு நிமிஷம்.

மெர்வ்? கேக்குதா? கேட்டா ஒரு தட்டு தட்டு. ம், சரி. சாப்பிட்டியா? என்ன ரெண்டு தட்டு? அடுப்பு மேலேயே வெச்சிருக்கேனே, பட்டாணி சூப்பு. உப்பு போட்டுத்தான் வெச்சிருக்கேன் சாமி, தின்னு. சளி அடைக்குதா? இல்லையா, நல்லது. டக் வந்திருக்கானா? அதுவும் இல்லையா. பின்ன என்ன வேணும்? பாலா? ரொட்டியா? மெர்வ், இப்படி விடாம தட்டினா எனக்கு எப்படிப்பா புரியும்? நாளைக்குத்தானே, காலையில கெளம்பறோம், அதான் சொன்னேனே... நானா? கடையில இருக்கேன். வந்து பேசிக்கலாம். வெச்சுடறேன். நீ தட்டாதே, கை வலிக்கும். வெச்சுடறேன்பா.

ஸ்பூனால தட்டுவாரு, ரிசீவர் மேல. ஒரு தட்டுன்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் நாங்களே வெச்சுக்கிட்ட ஏற்பாடு. அது போதாதுங்க. நாம கேட்டாத்தானே அவரு ஆமா இல்லைன்னு சொல்ல முடியும்? நாம கேக்காத ஒண்ணை அவரு எப்படிச் சொல்லுவாரு? அதுக்கு வாய் வேணும்.

நாளைக்கு என்னவா? ஒண்ணுமில்ல. டொரன்டோ போறோம். ஆஸ்பத்திரி. கட்டி திரும்ப வந்திருக்கு தம்பி, இப்ப நெஞ்சுல. மறுபடி மருந்து ஏத்தணுங்கறாங்க. போன தடவை ஏத்தினப்ப மனுஷன் பட்ட பாட்டை நான் சொல்லி மாளாது. குளியலறைத் தரையிலேயே படுத்துக் கெடந்தாரு. தரை ஜில்லுன்னு இருந்தாத்தான் நல்லா இருக்குன்னு அடிச்சுக் காட்டினாரு. நானும் பக்கத்துல தலகாணி போட்டுப் படுத்துக்கிட்டேன். இந்தத் தடவை குணமாகுமான்னு டாக்டரைக் கேட்டேன். கொஞ்ச காலம் கூடுதலா கெடைக்கலாம், கெடைக்காமலும் போகலாம்னாரு. கெடைக்கலாம்னு சொன்னாரில்ல? அதைத்தான் நான் புடிச்சுக்கிட்டேன்.

அழறேனா? நான் ஒண்ணும் அழலை. கடையில ஹீட்டரை இவ்வளவு வெச்சா கண்ணு எரியத்தான் செய்யும்.

சரி, அதை எடுங்க. கறுப்பு. ஆமா, அதான்.

அதேதான். அவரு வெச்சிருந்த அதே மாடல். இந்த மூலை ஓரம்கூட அப்படியே. எடையைப் பாருங்க, கையில உக்கார்ற மாதிரியே... நெட்வொர்க் இனிமே கெடைக்காதா? கெடைக்காட்டிப் போகுது, அவரு யாருக்குப் போன் பேசப் போறாரு? பேட்டரி? புதுசா மாத்தியிருக்கீங்களா. எவ்வளவு நேரம் தாங்கும்? ரெண்டு நாளா? அவ்வளவு எதுக்கு... இல்ல, நல்லதுதான். நல்லதுதானே.

பட்டன் ஏதாவது ஒட்டிக்குதா? நீங்க சொல்லுங்க, எதையும் மறைக்காதீங்க. எங்கயாவது தண்ணி பட்டிருக்கா? கீழ விழுந்திருக்கா? ஒண்ணுமே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஏதாவது ஒரு குறை இருக்கும், இவ்வளவு பழசுல இருக்காமயா போகும்.

சரி. அடிச்சுப் பாக்கறேன். திரும்ப வேண்டாம், பரவால்ல. நீங்களும் எத்தனை தடவைதான் ஜன்னலையே பாப்பீங்க.

கேட்டீங்களா சத்தத்தை? டிக் டிக். இதான். இதேதான். ஒரு எழுத்துகூடத் தப்பலை. கையுறையோட, கண்ணை மூடிக்கிட்டு.

படிச்சுட்டீங்களா?

உரக்கப் படிக்காதீங்க. நானே சொல்றேன், எனக்குத்தான் மனப்பாடமா இருக்கே. வெர்னா, போதும். அந்த மருந்து இனி வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு நான் போன் பண்ணிச் சொல்ல முடியாது, எனக்காக நீ சொல்லிடு. ஐஸ் உருகினதும் படகுக்குப் பெயின்ட் அடிக்கலாம்.

வெர்னான்னா நான்தான்.

குடிசையில உக்காந்திருந்தோம். ரொம்ப நேரமா மெதுவா அடிச்சுக்கிட்டிருந்தாரு, நான் கவனிச்சுக்கிட்டேதான் இருந்தேன். அடிச்சு முடிச்சு, ஓட்டை பக்கத்துல குட்டை பெஞ்சு ஓரமா வெச்சாரு, என் தோளைத் தொட்டாரு, படின்னு. அந்த நேரம் பாத்து வெளிய போட்டிருந்த தூண்டில்ல, மீன் கடிச்சா நிமிர்ற கொடி எழும்பிச்சு. பெரிய மீனு மாட்டினாத்தான் அப்படித் துள்ளும். எழுந்து ஓடினாரு. அறுபத்தஞ்சு வயசு, கழுத்துல ஓட்டை, சின்னப் பையன் மாதிரி ஓடறாரு. நான் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். வெளிய ஐஸ் மேல அவரு பூட்ஸ் சத்தம் கேக்குது.

போனைக் கையால தொடலை தம்பி. பூட்ஸ் முனையாலதான். லேசா ஒரு தள்ளு. ப்ளக்குன்னுச்சு, அவ்வளவுதான்.

அவரு மீனோட வந்தாரு. இவ்வளவு நீளம், ஏரி டிரௌட் மீனு. மூஞ்சி பூரா சிரிப்பு. பெஞ்சைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு, படிச்சியான்னு புருவத்தைத் தூக்கினாரு. நான் என்னன்னு கேட்டேன். எதைன்னு கேட்டேன். எனக்கு அவ்வளவு நல்லா நடிக்க வரும்னு எனக்கே தெரியாது. அவரு கோட்டுப் பையைத் தடவிப் பாத்துட்டு, ஓட்டையைப் பாத்தாரு. ஓடறப்பத் தன் கோட்டு நுனி பட்டுத்தான் விழுந்துடுச்சுன்னு அவரா முடிவு பண்ணிக்கிட்டாரு. நெஞ்சுல இப்படிக் கை வெச்சு என்னைப் பாத்தாரு. எங்க வீட்டுல அதுக்கு மன்னிச்சுடுன்னு அர்த்தம். என்கிட்டக் கேக்கறாரு மன்னிப்பு! அப்புறம் முட்டி போட்டு உக்காந்து, தூண்டில் கொக்கியை விட்டுக் கிளறிக்கிட்டே இருந்தாரு, பொழுது சாயற வரைக்கும். கை பூரா வெளுத்துப் போச்சு. அந்தக் கையை நான்தான் என் கோட்டுக்குள்ள வெச்சுத் தேச்சு விட்டேன். சூடு வர்ற வரைக்கும் தேச்சேன்.

ரெண்டு வாரமாச்சு. தினமும் சொல்லப் பாக்கறாரு. காலண்டரைக் காட்டுவாரு, கழுத்தைக் காட்டுவாரு, கையை இப்படி வீசுவாரு. நான் கழுத்துக்கு வெந்நீர்த் துண்டு கொண்டு வந்து குடுப்பேன். டெலிபோனைக் காட்டுவாரு. டெரில்கிட்டப் பேசணுமான்னு கேட்டு, கால்கரிக்குப் போன் போட்டுக் காதுல வெச்சுடுவேன். ஒரு நாள் கரண்டு பில்லு கவர் மேல எழுதிக் காட்டினாரு. கிறுக்கலாத்தான் இருந்துச்சு, ஆனா மனசு வெச்சுப் பாத்திருந்தா படிச்சிருக்கலாம். ஒண்ணும் புரியலையேப்பான்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து நர்சம்மா கூப்பிட்டப்ப, வந்துடறோம்னு சொன்னதும் நான்தான். அவருக்கா? டொரன்டோவுல பெரிய கடை இருக்கு, உனக்குப் போன் வாங்கத்தான் போறோம்னு சொல்லியிருக்கேன். இன்னிக்குக் காலையில கண்ணாடி முன்னாடி நின்னு தாடியைச் சீராக் கத்தரிச்சுக்கிட்டாரு, நாளைக்குக் கடைக்குப் போறோம்னு. அங்க கொண்டு போய் உக்கார வெச்சுட்டா எழுந்து வர மாட்டாரு. நர்ஸ் முன்னாடி தகராறு பண்ற ஆளு இல்ல. அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் நாளைக்கு வண்டியை எடுக்கறதா இருந்தேன்.

இப்ப என்னத்தைத் தட்டினாரு தெரியுமா? எனக்குத் தெரியும். மருந்து வேண்டாம், சொல்லிடுன்னுதான். ஒவ்வொரு தட்டும் புரிஞ்சுச்சு.

என்னைத் திட்டணும்னா திட்டிக்குங்க. அவரு இருக்கணும் தம்பி, எனக்கு அவ்வளவுதான். எப்படி இருந்தாலும் பரவால்ல, அடுத்த ரூம்ல இருக்கணும். அதுக்காகத்தான் பண்ணினேன். ஆனா இருக்கற மனுஷன் என்கிட்டப் பேசறதைத்தானே நான் தண்ணியில தள்ளினேன். ஒவ்வொரு தடவையும் இன்னிக்கு வாங்கிடணும்னுதான் கெளம்பி வர்றேன். ஒரு குறையைக் கண்டுபிடிச்சுட்டுத் திரும்பிப் போயிடறேன். உங்க போன்ல ஏதாவது ஒண்ணு சரியில்லாம இருந்திருக்கலாம். ஒரே ஒரு பட்டனாவது.

குடுங்க. இதையே எடுத்துக்கறேன். காசை எண்ணிப் பாத்துக்குங்க. சார்ஜரையும் போடுங்க, அவரோடது பிஞ்சுக் கெடக்கு. பையெல்லாம் வேண்டாம், கோட்டுக்குள்ளேயே வெச்சுக்கறேன், குளிர்ல போனா பேட்டரி எறங்கிடும்.

ஐயோ, என்ன பண்றீங்க? துடைக்காதீங்க. கையை எடுங்க தம்பி. தெரியும், எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் குடுப்பீங்க, சொன்னீங்க. மத்ததையெல்லாம் அழிச்சுக்குங்க. இந்த வரி மட்டும் அப்படியே இருக்கட்டும். நான் வெறுமனே அடிச்சேன், வார்த்தை அவரோடது. வீட்டுக்குப் போனதும் அவரு கையில குடுப்பேன், திறந்தா முதல்ல இதுதான் நிக்கும். மறுபடியும் முதல்லேருந்து அடிக்க வேண்டாம் பாருங்க, பாவம், விரல் வலிக்கும்.